இரண்டாம் குடிலின் ரூட்டர்

குடில் நாள் 604. காலை 07:10

கருவிப் பதிவேடு. எழுதுபவர் ஜெசிந்தா பர்னாந்து, தகவல் தொடர்புப் பொறியாளர். இடம்: இரண்டாம் குடில், நிலவின் தென்முனை.

விதிப்படி இதைத் தாளில், கையால் எழுதுகிறேன். மின்சாரம் போனாலும், நாங்களே போனாலும், அடுத்து வருபவர் படிக்க முடிய வேண்டும்.

உள்ளே ஒன்பது பேர். வலையில் இருபத்தாறு கருவிகள். ரூட்டர் ஒன்று, வயது மூன்று. இந்த வாரம் நான்கு முறை தானாக நின்றது. காரணம் முதுமை. புதியது கேட்டு எழுதி இரண்டு மாதமாகிறது.

புதிதாக வருபவருக்கு ஒரு குறிப்பு: பூமியோடு பேசுவது, படம் பார்ப்பது, உமையாளின் செடி அறைக் கணக்கு, மருத்துவர் ரஷீதாவின் கருவிகள், எல்லாம் இந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகின்றன. வெளியே நடப்பவரின் உடையிலிருந்து வரும் பேச்சும் நாடித்துடிப்பும் மேட்டில் நட்ட கம்பத்துக்கு வந்து, அங்கிருந்து இதே பெட்டிக்குள் நுழைந்துதான் என் மேசைக்கு வருகின்றன. இரண்டாவது வழி வரைபடத்தில் இருக்கிறது. குடிலில் இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

குடில் நாள் 606. காலை 11:30

இறங்கு கலம் வந்தது. இரண்டு ரூட்டர்கள் அனுப்பியிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது சாம்பல் நிறம், அரிசி மூட்டை மாதிரி கனம். வேகம் சுமார்தான். உள்ளே இரண்டு ஃபேன்கள் உறுமுகின்றன. உடைகளின் சிக்னலுக்கு அதில் தனிப் பாதை உண்டு. வீட்டில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்தப் பாதையில் வேறு யாரும் ஏற முடியாது. நின்றுபோனால் நாற்பது நொடியில் எழுந்துவிடும்.

இரண்டாவது வெள்ளை, தட்டையானது. ஃபேன் கிடையாது, சத்தமும் கிடையாது. வேகம் முன்னதைப்போல் ஆறு மடங்கு. தனிப் பாதை இல்லை. யாருக்கு முதலிடம் என்று அதுவே கணித்துக்கொள்ளும் என்று கையேடு சொல்கிறது.

உமையாள் வந்து பார்த்துவிட்டு சாம்பலுக்கு எருமை என்றும் வெள்ளைக்குக் குருவி என்றும் பெயர் வைத்தாள். மதியத்துக்குள் வீடு முழுக்க அதே பெயர்கள்.

எல்லாருக்கும் குருவிதான் வேண்டும். நான்கு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் என்னிடம் வருகிற பேச்சு ஒன்றுதான்: படம் நிற்கிறது, குரல் வெட்டுகிறது, மகளின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பழைய பெட்டியின் குறையெல்லாம் என் குறை போலவே ஆகிவிட்டது. இரண்டு நாளாக நான் கடைசியாகச் சாப்பிடப் போகிறேன்.

குடில் நாள் 608. மாலை 16:40

சோதனை முடிந்தது. தேர்வு: வெள்ளை ரூட்டர். சுமை தாங்கும் திறன் நிறைவு. வெப்பம் இயல்பு. 'நம்பகமான இணைப்பு' என்ற சான்றிதழில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

எருமை பெட்டியோடு கிடங்கில் இருக்கிறது.

குடில் நாள் 609. பிற்பகல் 13:05

குருவி மாட்டியாயிற்று. வேகம் அற்புதம். குடில் தலைவர் கோமதிநாயகம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மகளோடு பேசினார். அந்தப் பெண்ணின் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்ததாம். மதியச் சாப்பாட்டில் எனக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. சான்றிதழ் இல்லாத குடிலில் வெளியே போவதென்றால் இருவர் சேர்ந்துதான் போக வேண்டும். 'நம்பகமான இணைப்பு' உள்ள குடிலில் ஒருவர் தனியாகப் போகலாம். துளையிடும் வேலை பார்க்கும் இசக்கிராஜ் இதற்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தார். துணைக்கு ஆள் கிடைக்காமல் அவர் வேலை பாதியில் நிற்கிறது. இன்று முதன்முறையாகத் தனியாகப் போய்வந்தார். வரும்போது என் மேசைக்கு வந்து நன்றி சொன்னார். ராதாபுரத்துக்காரர், முப்பத்திரண்டு வயது. தூத்துக்குடிக்காரி என்பதால் என்னைச் சொந்த அக்கா மாதிரி நினைப்பவர்.

குடில் நாள் 617. காலை

10:02. இசக்கிராஜ் வெளியே. தனியாக. 2.4 கிலோமீட்டர், பள்ளத்தின் நிழல் ஓரம். சிக்னல் நன்று. நாடி 78.

10:15. இன்று கோமதிநாயகத்தின் மகளுக்கு வளைகாப்பு. நேரலை. பொது அறைப் பெரிய திரைக்கு முன்னால் ஆறு பேர். நான் என் மேசையிலிருந்தே பார்க்கிறேன்.

10:41. படம் நின்றது. ரூட்டரில் சிவப்பு விளக்கு. மிகை வெப்பம். தானாக மறுதொடக்கம்.

10:46. எழுந்தது. இருபத்தாறு கருவிகளும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டின. மீண்டும் விழுந்தது.

10:52. எழுந்தது.

11:04. உடை சிக்னல் வந்தது. இசக்கிராஜ் ஆபத்தில்.

11:09. கோமதிநாயகமும் உமையாளும் வண்டியில் கிளம்பினார்கள்.

குடில் நாள் 617. மாலை 17:30

துளைக்கம்பிக்கும் பாறைக்கும் நடுவே இசக்கிராஜின் வலது கை சிக்கியிருக்கிறது. உடை கிழியவில்லை. கையுறையின் சூடேற்றும் கம்பி அறுந்துவிட்டது. அந்த நிழலில் பாறையின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு. தானாக விடுவித்துக்கொள்ள முடியாமல் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார். நமக்குக் கேட்கவில்லை.

ரஷீதா நான்கு மணி நேரம் போராடினார். வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது.

பூமிக்கு அனுப்பிய அறிக்கை: 'இன்று காலை சூரியனில் சிறு வெடிப்பு பதிவாகியுள்ளது. அதன் பாதிப்பால் உள்வலை 23 நிமிடம் தடைப்பட்டது. கருவியில் குறை இல்லை.'

வெடிப்பு நடந்தது உண்மை.

குடில் நாள் 619. பிற்பகல் 15:00

இசக்கிராஜின் உடைக்குள் இருந்த ஒலிப்பதிவை எடுத்துப் படி எடுக்கச் சொன்னார்கள். என் வேலை அது. எடுத்தேன். இங்கே அப்படியே எழுதுகிறேன்.

10:44. "ஜெசிந்தாக்கா, கை மாட்டிக்கிட்டு. கம்பிக்கும் பாறைக்கும் நடுவுல. உடை கிழியல, பதறாதீய. யாரையாச்சும் அனுப்புங்க."

10:47. "ஜெசிந்தாக்கா, கேக்குதா?"

10:51. "கையுறைச் சூடு அத்துப்போச்சுன்னு நெனைக்கேன். குளிருது."

10:56. "வளைகாப்பு நடக்குது போல. முடிஞ்ச பொறவு வாங்க."

11:01. "இப்போ குளிரல."

நான் ஐந்து முறை கேட்டேன். ஆறாவது முறை போட முடியவில்லை.

இதுவரை எழுதியதில் இரண்டு பதிவுகள் பொய். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், 608-ஐயும் 617 மாலையையும் அடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

சோதனை விதி இதுதான்: குடிலில் உள்ள எல்லாரும், எல்லாக் கருவிகளையும், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் பயன்படுத்த வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து. நான் நான்கு கருவிகளை மட்டும் இணைத்து இருபது நிமிடம் பார்த்தேன். ஒரே ஒரு முறை. அதுவும் எல்லாரும் வேலையில் இருந்த நேரத்தில். எண்களைப் பெருக்கி மீதியை நிரப்பிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால் பதில் சின்னது. மூன்று நாள் ஆளுக்கு ஒரு மணி நேரம் கேட்டு எட்டுப் பேரிடம் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏற்கெனவே என்மேல் எரிச்சலாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய காரணம், சோதித்தால் குருவி தோற்கும் என்று எனக்குத் தெரியும். பூமியில் சூடான காற்று மேலே எழும்; கருவி தானே ஆறிவிடும். இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. சூடான காற்று எழ மனமில்லாமல் பெட்டியைச் சுற்றியே கிடக்கும். ஃபேன் இல்லாத பெட்டி இங்கே வேகும். இது முதலாண்டுப் பாடம். எருமை ஏன் உறுமுகிறது என்று வீட்டில் மற்ற எட்டுப் பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர்கள் கைதட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கைதட்டினார்கள்.

குடில் நாள் 619. மாலை 16:20

மீதியையும் எழுதிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எழுத மாட்டேன்.

10:52-க்கு ரூட்டர் இரண்டாம் முறை எழுந்தபோது, கருவிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டது. வரிசை என் திரையில் தெரிந்தது. இசக்கிராஜின் உடை ஏழாவது. பொது அறைத் திரை பதினொன்றாவது. அப்படியே விட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் அவர் குரல் வந்திருக்கும்.

அப்போது கோமதிநாயகம் உள்போனில் கூப்பிட்டார். கத்தவில்லை, அதட்டவில்லை. "ஜெசிந்தா, வளையல் போடப் போறாவ. கொஞ்சம் பாரும்மா."

நான் பொது அறைத் திரையைத் தூக்கி முதலிடத்தில் வைத்தேன். படம் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டது. உடைகள் பின்னால் தள்ளப்பட்டன. பொது அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டு நிமிடம், படம் முடியும் வரை.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் இசக்கிராஜின் நாடி என் மேசையில் 82 என்று பச்சையில் எரிந்தது. இணைப்பு அறுந்தால் கடைசி எண் அப்படியே நிற்கும். ஒரு மனிதனின் நாடி இத்தனை நேரம் 82-இல் அசையாமல் நிற்காது. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கவனித்தேன். படம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

குடில் நாள் 622. பகல் 12:10

குருவி இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கருவியில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான். எனவே யாருக்கும் தெரியாமல் எல்லாத் திரைகளின் வேகத்தையும் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறேன். கேட்டவர்களிடம் சூரியனைச் சொன்னேன். நம்பினார்கள். ஒரு பொய்யை நிறுத்தி வைக்க எத்தனை முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்று இசக்கிராஜைப் பார்க்கப் போனேன். ஐந்து நாளாக ஏதாவது வேலை சொல்லித் தப்பித்திருந்தேன். ரஷீதாதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார்; அவர் உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்.

கையைப் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்தார். நான் பார்த்துச் சங்கடப்படக் கூடாதாம். சாப்பிட்டேனா என்று கேட்டார். முகம் இப்படி வாடிப் போயிருக்கிறதே என்றார். பிறகு சொன்னார்:

"சூரியன் செஞ்சதுக்கு நீங்க என்னக்கா பண்ணுவிய? மனசப் போட்டு உழப்பாதீய."

நான் தலையாட்டினேன். அவர் இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தப் பக்கத்தை எழுதுவது எளிதாக இல்லை. அங்கே வாயைத் திறப்பதைவிட எளிது.

குடில் நாள் 626. காலை 09:40

பூமியிலிருந்து செய்தி. கருவிப் பிரிவுச் சபேசன் அனுப்பியது:

"வணக்கம் மேடம். உங்க சான்றிதழும், 617 அறிக்கையில 'கருவியில் குறை இல்லை'ன்னு நீங்க எழுதினதும் ரொம்ப உதவியா இருந்துச்சு. மூணாம் குடிலுக்கு அதே மாடல்தான் கொடுத்திருக்கோம். நாலு நாளா ஓடிட்டு இருக்கு. அங்க பதினாறு பேர். அடுத்த வருஷம் வர்ற எல்லாக் குடிலுக்கும் இதையே நிலையா வச்சுக்கலாம்னு முடிவாகப் போகுது. உங்க பேர்ல ஒரு பரிந்துரைக் கடிதம் வேணும்."

இரண்டு முறை படித்தேன்.

மூன்றாம் குடில் நிலவின் மறுபக்கத்தில். அங்கே நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. பதினாறு பேர் என்றால் நாற்பது கருவிகளுக்குக் குறையாது. சான்றிதழ் வந்துவிட்டதால் தனியாக வெளியே போகிறார்கள்.

குடில் நாள் 626. காலை 10:05

மூன்றாம் குடிலுக்கு நேரடியாக அழைப்புப் போட்டேன். தகவல் பொறியாளர் பெயர் தமயந்தி, பொள்ளாச்சிப் பக்கம். இதற்கு முன் பேசியதில்லை. என் பெயரைக் கேட்டதும் மகிழ்ந்துபோனாள். என் அறிக்கையைப் படித்துத்தான் ரூட்டரை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்தாளாம்.

நான் சொன்னேன். சோதனை செய்யவில்லை. கூட்டம் சேர்ந்தால் சூடாகி விழும். விழுந்தால் எழ இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். சூரியன் காரணமில்லை. ஒருவருக்கு விரல்கள் போயின. இதுதான் நான் சொன்ன வரிசை.

அவள் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள்:

"இப்ப வெளிய ரெண்டு பேரு இருக்கறாங்க. உள்ள பசங்களுக்குப் பாடம் ஓடிட்டிருக்குது. எத்தன கருவி ஒண்ணாப் போனாத் தாங்கும்ங்க? அந்த நம்பர மட்டும் சொல்லுங்க, மீதிய நான் அறுத்துடறேன்."

என்னிடம் அந்த எண் இல்லை. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை.

"தெரியாதும்மா. நான் பாக்கல."

"சரிங்க."

அழைப்பைத் துண்டித்தாள்.

10:19. எல்லாரையும் வலையிலிருந்து இறக்குவதாக எழுத்துச் செய்தி.

10:24. 'ரூட்டர் விழுகிறது.'

10:31. ஒன்றும் இல்லை.

10:38. ஒன்றும் இல்லை. நான் பூமிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். சபேசனுக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும். எழுத நான்கு வரிதான் ஆயிற்று. நான்கு வரியை ஒன்பது நாள் வைத்திருந்திருக்கிறேன்.

10:45. ஒன்றும் இல்லை.

10:52. யேசுவே.

10:57. ஒன்றும்

11:03. தமயந்தி. குரலில்தான் வந்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள வந்துட்டாங்க. வண்டிய எடுத்துட்டுப் போயி நேருல கூட்டிட்டு வந்தோம். நல்லாத்தான் இருக்கறாங்க. அக்கா, இனி உங்க பேரு போட்டு எதையும் எங்களுக்கு அனுப்ப வேண்டாம்ங்க."

அக்கா என்றுதான் சொன்னாள். அதனால் இன்னும் கூசியது.

குடில் நாள் 626. மாலை 16:00

பொது அறையில் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். இசக்கிராஜும் வந்து உட்கார்ந்திருந்தார். கட்டு முழங்கை வரை இருந்தது.

உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. நின்றுகொண்டு சொன்னேன். இந்த ஏட்டின் 619-ஆம் நாளைத் திறந்து அப்படியே வாசித்தேன். சொந்தமாகப் பேசினால் எங்காவது பூசி மெழுகிவிடுவேன் என்று பயம்.

வளையல் போடுகிற இடம் வந்ததும் நிறுத்தினேன். கோமதிநாயகம் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்தார்.

"நான் கேட்டதுனாலயா?"

இல்லை என்றேன். நீங்கள் படத்தைக் கேட்டீர்கள். வெளியே ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல வேண்டியவள் நான் என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. இசக்கிராஜின் பக்கம் திரும்பவே இல்லை. என் அழுக்கை நான் கழுவப் போய் அவர்மேலும் தெளித்துவிட்டேன். அந்த மனிதர் இனி மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். அதுவும் என் கணக்கில்தான்.

உமையாள் அழுதாள். ரஷீதா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. நான்கு மணி நேரம் ஒவ்வொரு விரலாகக் காப்பாற்றப் பார்த்தவர் அவர்.

இசக்கிராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாடி அசையாம நின்னுச்சுன்னு எழுதியிருக்கியளே. அன்னைக்கே பாத்தியளா, பொறவு யோசிச்சியளா?"

"அன்னைக்கே பாத்தேன்."

தலையை மெல்ல ஆட்டினார். அக்கா என்று சொல்லவில்லை. எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று வார்த்தைகளைக்கூட எதிர்பார்த்து வைத்திருந்தேன்.

குடில் நாள் 628. பிற்பகல் 15:00

பூமியின் உத்தரவு: என்னைத் தகவல் மேசையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். அடுத்த கலத்தில் திரும்ப வேண்டும். அது வர ஐந்து மாதம். அதற்கு முன், விதிப்படியான சோதனையை இரண்டு ரூட்டர்களிலும் நடத்தி எண்களை அனுப்ப வேண்டும். இனி எந்தக் குடிலும் அந்த எண்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கும்.

எட்டுப் பேரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டேன். மூன்று நாள், ரூட்டருக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று. எல்லாரும் சரி என்றார்கள். கேட்பது அவ்வளவுதான்.

15:00. முதலில் குருவி. ஒன்பது பேர், இருபத்தாறு கருவிகள். ஆளுக்கொரு திரையில் ஏதோ ஒன்று ஓடியது. யாரும் பார்க்கவில்லை.

15:09. வெப்பம் ஏறுகிறது. ஒரு திரையில் படம் தடுக்கியது.

15:17. விழுந்தது.

பதினேழு நிமிடம். எல்லாத் திரைகளும் ஒன்றாக இருண்டன. எழுமா என்று காத்திருந்தோம். விதிப்படி, தானாக எழும் வரை யாரும் நகரக் கூடாது. இருபத்தொரு நிமிடம் ஒன்பது பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். இசக்கிராஜ் குளிரில் இருந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இசக்கிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

16:10. எருமை. படங்கள் மங்கல். குரல் சில நேரம் பின்தங்கியது. ஃபேன் சத்தத்தில் காது வலித்தது. ஒரு மணி நேரமும் விழாமல் ஓடியது. உடைப் பாதையில் ஒரு நொடி இடைவெளிகூட இல்லை.

முதல் நாள் எண்களைப் பதிந்தேன். இந்த முறை ரஷீதா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். நான் கேட்காமலே வந்து நின்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து வருபவருக்கு: வேகத்தைப் பார்க்காதீர்கள். வீடு நிறைந்திருக்கும்போது சோதியுங்கள். விழுந்தால் எத்தனை நேரத்தில் எழும் என்று பாருங்கள். வெளியே இருப்பவருக்குத் தனிப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். சூடு எங்கே போகும் என்று பாருங்கள். வீட்டாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

இதற்குப் பிறகு இந்த ஏட்டில் என் கையெழுத்து இருக்காது.

ஜெசிந்தா.

குடில் நாள் 631. காலை 09:00

எழுதுபவர்: இசக்கிராஜ். இடது கை. எழுத்து கோணலாக இருக்கும்.

துளையிட இனி முடியாது. தகவல் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மீதி இரண்டு நாள் சோதனையும் முடிந்து எண்கள் பூமிக்குப் போய்விட்டன. ரூட்டர் சாம்பல். இணைப்பு சரி. சத்தம் அதிகம்.

முந்தைய பக்கங்களை எடுத்துவிடலாமா என்று கோமதிநாயகம் அண்ணாச்சி கேட்டார். அவர் பெயரும் அதில் இருக்கிறது. வேண்டாம் என்றேன். யாரும் கிழிக்கக் கூடாது. இது உத்தரவு இல்லை. நான் கேட்டுக்கொள்கிறேன்.

துளை வேலை பாதியில் நிற்கிறது. செய்ய ஆள் இல்லை. ஜெசிந்தாக்கா தான் போவதாகச் சொன்னார். துணைக்கு உமையாள். இன்று காலை இருவருக்கும் உடை மாட்டிவிட்டது நான். ஒற்றைக் கையால் நேரமாயிற்று. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். கையுறையை இழுத்துப் பார்த்தேன். கம்பியைச் சோதித்தேன். சரியாக இருந்தது. மறுபடியும் சோதித்தேன்.

மன்னித்தாயா என்று ரஷீதா டாக்டர் கேட்டார். தெரியவில்லை. பதிவேட்டில் அதற்கு இடமும் இல்லை.

08:41. வெளிக்கதவைத் திறந்தேன்.

08:58. வலது கையில் விரல்கள் வலிக்கின்றன. நான்கும். இல்லாத விரல் வலிப்பது இயல்புதான் என்கிறார் டாக்டர். எழுதி வைக்கச் சொன்னார். எழுதிவிட்டேன்.